இணைப்பு அறுந்தாலும் கல்லா நிற்கக் கூடாது



இரண்டு, மூன்று கிளைகள் நடத்துவோர் பலர் கணக்கையெல்லாம் எங்கோ தொலைவிலுள்ள சர்வரில் வைத்திருக்கிறோம். இணைய இணைப்பு உள்ளவரை வசதிதான். மாலை வியாபார நேரத்தில் அது அறுந்து, பில் போட முடியாமல் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போனால் நட்டம் நமக்குத்தானே?

அமெரிக்காவின் சிக்-ஃபில்-ஏ என்னும் கோழி உணவகத் தொடர் இதற்கு ஒரு வழி கண்டது. சுமார் 2,000 கிளைகளுக்கென வகுத்த அந்த முறையை அதன் பொறியாளர்கள் 2018இல் விளக்கி எழுதினார்கள். ஒவ்வொரு கிளையிலும் உள்ளங்கை அளவுள்ள சிறு கணினிகள் மூன்று இருக்கும். அவசர வேலைகள் கடைக்குள்ளேயே முடிந்துவிடும். பொறுத்துச் செய்யக்கூடியவை தொலைவிலுள்ள சர்வருக்குப் போகும்.

மூன்று எதற்கு? ஒன்று பழுதானால் மற்றவை அதன் வேலையை ஏற்கும். எந்த வேலை எந்தக் கணினிக்கு என்று பிரித்துக் கொடுப்பது குபெர்நெட்டிஸ் என்ற மென்பொருள். 2014இல் கூகுள் வெளியிட்டது, விலையில்லாதது. கிட்டங்கியில் இடம் பார்த்து மூட்டை அடுக்கச் சொல்லும் மேஸ்திரியைப் போல, எந்தக் கணினியில் இடம் இருக்கிறதோ அங்கே வேலையை அனுப்பும்.

இத்தனை கிளைகளுக்கும் ஆள் அனுப்பி மேய்க்க முடியுமா? முடியாது. ஆகவே கிளைக்கு ஒரு குறிப்பேடு தொலைவிலுள்ள சர்வரில் வைத்தார்கள். ஏட்டில் என்ன மாறியிருக்கிறது என்று கிளைக் கணினியே அவ்வப்போது பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். இணைப்பு அறுந்தால் பழைய உத்தரவுப்படி வேலை நடக்கும். வந்ததும் புதியதைப் படித்துக்கொள்ளும்.

ஒற்றைக் கடைக்காரருக்கு இத்தனை ஏற்பாடு வேண்டியதில்லை. ஆனால் பில் மென்பொருள் வாங்கும் எவரும் விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்:

1. இணைப்பு இல்லாதபோது பில் போட முடியுமா? விலையும் இருப்பும் தெரியுமா?

2. இணைப்பு வந்ததும் அந்த பில்கள் விடுபடாமல், இரட்டிப்பாகாமல் தானே கணக்கில் ஏறுமா?

3. கடைக் கணினி பழுதானால் கணக்கின் நகல் எங்கே இருக்கும்? எவ்வளவு நேரத்தில் மீட்கலாம்?

வாய்ச்சொல்லை நம்பி முன்பணம் கொடுக்க வேண்டாம். இணைய வயரைப் பிடுங்கிவிட்டு, நம் கண்ணெதிரே பத்து பில் போட்டுக் காட்டச் சொல்வோம். காட்டினால் மட்டும் பணம் கொடுப்போம்.