பார்க்கப்படுபவர் பார்க்கும்போது: உயர்நிலைப் பள்ளியில் ஓவியமும் ஒளிப்படமும்

பள்ளி அட்டவணையில் ஓவிய வகுப்பு என்று எழுதப்பட்ட நேரம் பல இடங்களில் கணக்கு ஆசிரியருக்குப் போய்விடுகிறது. பத்தாம் வகுப்பை நெருங்கும்போது அந்த ஒரு பாடவேளையும் மறைந்துவிடுகிறது. இந்த இழப்பு எல்லோருக்கும் சமமானதன்று. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை கட்டணம் செலுத்தி வெளியில் கற்றுக்கொள்ளும். அரசுப் பள்ளியையும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியையும் மட்டுமே நம்பியிருக்கும் பிள்ளைக்கு வேறு வாசல் இல்லை. தம்மைப் பிறர் எவ்வாறு காட்டுகிறார்கள் என்று கேட்கவும், தம்மைத் தாமே காட்டவும் கற்றுத்தரும் கல்வியே இங்கு மறுக்கப்படுகிறது என்பது நம் வாதம்.

சட்டம் நின்றுவிடும் இடம்

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் நூறு பேருக்கு மேல் பயிலும் பள்ளிகளில் கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. தொடக்கத்தில் மாத ஊதியம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கோரி அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வந்துள்ளனர்.

எட்டாம் வகுப்பைத் தாண்டினால் இந்த அரைகுறைப் பாதுகாப்பும் இல்லை. பத்தாம் வகுப்புவரை கலை கட்டாயப் பாடமாக வேண்டும் என்பது 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தின் பரிந்துரை. நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் 500 மதிப்பெண்களில் கலைக்கு ஒன்றுகூட இல்லை.

படத்தை வாசிக்கக் கற்றல்

1868 முதல் 1875 வரை ஆங்கிலேய அரசு ‘இந்திய மக்கள்’ என்ற பெயரில் எட்டுத் தொகுதிகளை வெளியிட்டது. மனிதர்களைச் சாதி, இனக்குழு வகைமாதிரிகளாக ஒளிப்படங்களில் அடுக்கிக் காட்டிய பெருந்திட்டம் அது. 1909இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலின் ஏழு தொகுதிகளும் அவ்வழியில் அமைந்தவையே. படத்தில் இருப்பவருக்குப் பெரும்பாலும் சாதிப் பெயர் உண்டு. சொந்தப் பெயர் இல்லை.

இன்றைய செய்தித்தாளிலும் இவ்வழக்கம் தொடர்கிறதா என்று ஒன்பதாம் வகுப்பு மாணவரால் ஆராய முடியும். ஒரு செய்திப் படத்தின் விளக்க வரியை மறைத்துவிட்டுக் கேட்கலாம்: யார் நிற்கிறார், யார் தரையில் அமர்ந்திருக்கிறார்? கேமரா மேலிருந்து நோக்குகிறதா, நேர்நின்று நோக்குகிறதா? பின்னர் வரியைத் திறந்து, யாருக்குப் பெயர் தரப்பட்டுள்ளது என்று பார்க்கலாம்.

இவ்வாசிப்புக்கு உடனடித் தேவையும் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரும் அவர் தங்கையும் உடன்பயின்ற மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளையும் நெற்றிக் குறிகளையும் பள்ளிகளில் தடைசெய்ய வேண்டும் என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. தடை தேவைதான். ஆயினும் கயிற்றைக் கழற்றிய மாணவர் அதே நிறத்தை ஊர்ப் பதாகையிலும் கைப்பேசித் திரையிலும் காண்கிறார். ஒரு நிறம் எவ்வாறு பெருமையாகவும் மிரட்டலாகவும் மாற்றப்படுகிறது என்பதை அமர்ந்து பேச ஓவிய வகுப்பைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

கருவியை அறிதல்

கருவியும் நடுநிலையானதன்று. வண்ணப் படச்சுருள் காலத்தில் கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அளித்த நிறச் சரிபார்ப்பு அட்டைகளில், வெள்ளைத் தோல் கொண்ட பெண்ணின் உருவமே பல பத்தாண்டுகள் அளவுகோலாக இருந்தது. இன்றைய கைப்பேசிகளின் அழகூட்டும் வசதிகள் பலவும் தோலை வெளுக்கச் செய்கின்றன.

கேமராவின் ஒளிமானி தான் காணும் காட்சியை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டு கணக்கிடுகிறது. எனவே வெள்ளைச் சுவருக்கு முன் நிற்கும் கறுத்த முகம் இருண்டுபோகிறது. கைப்பேசித் திரையில் முகத்தைத் தொட்டு ஒளியைக் கூட்டினால் முகத்தின் நுட்பங்கள் தெரியும். ‘கறுப்பாக இருப்பதால் படம் சரியாக வரவில்லை’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, பிழை தன் தோலில் இல்லை என்பதை இந்த ஒரு பயிற்சி காட்டிவிடும்.

கேமரா இல்லாத பள்ளியிலும் தொடங்கலாம். அட்டையில் ஆறுக்கு நான்கு சென்டிமீட்டர் செவ்வகக் கட்டம் வெட்டி, அதன் வழியே தெருவை நோக்கி, எதை உள்ளே வைப்பது, எதை வெளியே விடுவது என்று வரைந்து பழகலாம்.

படமெடுப்பவரின் கடமை

மலக்குழி மரணங்களையும் தூய்மைப் பணியாளர் வாழ்வையும் பதிவுசெய்த மு. பழனிகுமார், மதுரையில் மீன் விற்கும் தாயின் மகன். 2017இல் வெளியான ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளரான அவர், விளிம்புநிலைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஒளிப்படப் பயிற்சியும் அளித்திருக்கிறார். அழுகையையும் பிணத்தையும் மட்டும் தேடிவரும் கேமராவுக்குச் சேரியின் திருமணமும் படிப்பும் சிரிப்பும் எளிதில் புலப்படுவதில்லை. உள்ளிருந்து எடுப்பவருக்கு அவையும் தெரியும்.

உள்ளிருப்பவருக்கும் நெறிகள் உண்டு. அனுமதி கேட்பது, எடுத்த படத்தை உரியவரிடம் காட்டுவது, வேண்டாம் என்றால் அழிப்பது ஆகியவை முதல் பாடத்திலேயே இடம்பெற வேண்டும்.

நம் கோரிக்கைகள் மூன்று. ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் கலைக்கு வாரந்தோறும் பறிக்கப்படாத பாடவேளை வேண்டும். பகுதிநேர ஓவிய ஆசிரியர்களின் பணி நிரந்தரமாக்கப்பட வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் மாணவர் பகிர்ந்து பயன்படுத்தும் கேமராக்கள் வழங்கப்பட வேண்டும். அதுவரை, ஊர்தோறும் இரவுப் பாடசாலை நடத்தும் தோழர்களும் கல்லூரி மாணவர்களும் ஓர் அட்டைச் சட்டகத்தோடும் ஒரு கைப்பேசியோடும் இவ்வகுப்பைத் தொடங்கிவிடலாம்.