தண்ணீர் வந்த வழி - 17: குழாயில் வந்த விலாங்கு

போன வாரம் லண்டனில் ஜேம்ஸ் சிம்ப்சன் தேம்ஸ் ஆற்றுத் தண்ணீரை மணலில் இறக்கி வடிகட்டினார். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளவும். இந்த வாரம் குளோரின் என்று சொல்லியிருந்தேன். சொன்னது நினைவிருக்கிறது. ஆனால் திங்கட்கிழமை ஒரு விலாங்கு மீன் குறுக்கே வந்துவிட்டது. இன்று வியாழன். கட்டுரை மாலைக்குள் போயாக வேண்டும். விலாங்கோ இன்னும் மேசையைவிட்டு இறங்கவில்லை.

ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரைத் துறைமுக நகரம் ஹாம்பர்க். அங்கே கார்ல் கிரெப்பலின் என்றொரு விலங்கியல் அறிஞர். காட்டுக்கோ கடலுக்கோ போகாமல், நகரத்தின் குடிநீர்க் குழாய்களுக்குள் என்னென்ன குடியிருக்கின்றன என்று ஆராயக் கிளம்பினார். 1886 வாக்கில் அதை முறையான ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார். சுமார் 60 வகை உயிர்கள்! குழாயின் உட்சுவரில் நன்னீர்ப் பஞ்சுயிரிகள் அப்பிக் கிடந்தன. சிப்பி இருந்தது, நத்தை இருந்தது, புழுக்கள் இருந்தன. ஈரக்கல்லைப் புரட்டினால் சிதறி ஓடுமே, அந்தச் சாயலில் பல கால் பூச்சிகள் இருந்தன. கூனி இறால் மாதிரியான சின்ன ஜந்துக்கள் இருந்தன. இத்தனைக்கும் நடுவே விலாங்கு.

வெளிச்சமே இல்லாத இரும்புக் குழாயில் எப்படிப் பிழைத்தன? ஆற்றுத் தண்ணீரோடு வரும் மக்கலும் நுண்ணுயிரும் பஞ்சுக்கும் சிப்பிக்கும் ஆகாரம். அவற்றின் கழிவும் மிச்சமும் பூச்சிக்கு. பூச்சியும் புழுவும் விலாங்குக்கு. தெருவுக்கடியில் ஒரு முழு ஆறே ஓடிக்கொண்டிருந்தது. மேலே இருந்தவர்கள் அதைத்தான் பிடித்துக் காபி போட்டார்கள்.

இந்தக் கிரெப்பலினுக்கு ஒரு தம்பி உண்டு என்பது செவ்வாய்க்கிழமை கிடைத்த உபரிச் சந்தோஷம். தம்பி எமில் கிரெப்பலின், மனநோய்களை வகைபிரித்த புகழ்பெற்ற மருத்துவர். மறதி நோய்க்குத் தன் சகா அல்சைமரின் பெயரை 1910-ல் பாடநூலில் ஏற்றியவர் அவர்தான். அண்ணன் குழாய்க்குள் இருப்பதைப் பட்டியல் போட்டார், தம்பி மண்டைக்குள் இருப்பதை. அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்ததில் அரை நாள் போயிற்று.

எங்கள் வீட்டில் சிறுவயதில் முனிசிபாலிட்டிக் குழாய் வாயில் அம்மா பழைய வேட்டித் துணியைக் கட்டி வைத்திருப்பாள். வாரத்துக்கொரு முறை அவிழ்த்து உதறினால் செம்மண், துரு, எப்போதாவது நெளியும் ஒரு சிவப்புப் புழு. பாட்டிக்கு அதில் அருவருப்பே கிடையாது. கிணற்றில் மீன் விட்டு வளர்த்த தலைமுறை. "மீன் உசிரோட இருக்குன்னா தண்ணி நல்ல தண்ணிதானடா" என்பாள். பாதி சரி. தண்ணீரில் விஷமில்லை என்பதற்கு மீன் சாட்சி சொல்லும். காலராக் கிருமி இருக்கிறதா என்று கேட்டால் வாயை மட்டும் திறந்து மூடும்.

ஹாம்பர்க் ஒன்றும் பட்டிக்காடு அல்ல. 1842 மே மாதம் பெருந்தீயில் நகரத்தின் ஒரு பெரிய பகுதி எரிந்தது. வில்லியம் லிண்ட்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் அந்தச் சாம்பல் மேட்டில் புதிய பாதாளச் சாக்கடையும் குழாய்த் தண்ணீரும் கொண்டுவந்தார். ஐரோப்பாவிலேயே பல ஊர்கள் கிணற்றடியில் வரிசையில் நின்ற காலத்தில் இங்கே வீட்டுக்குள் தண்ணீர் கொட்டியது. ஆற்றின் போக்கில் நகரத்துக்கு மேலே ரோதன்பர்க்ஸோர்ட்டில் ஆற்றிலிருந்து இறைத்து, தொட்டியில் கொஞ்சம் தெளியவிட்டு, அப்படியே அனுப்பினார்கள். நகரத்துச் சாக்கடை கீழே போய் ஆற்றில் கலக்கிறது, நாம் மேலே எடுக்கிறோம், என்ன பயம் என்று நினைப்பு. ஆனால் எல்பேயில் கடல் ஏற்றம் உண்டு. ஏற்ற நேரத்தில் கீழே போனது மேலே வரும்.

மணல் வடிகட்டி கட்டலாம் என்று பல வருடம் பேசினார்கள். தன்னாட்சி பெற்ற நகர அரசு அது. சட்டமன்றத்தின் 160 இடங்களில் 40 வீட்டு மனைச் சொந்தக்காரர்கள் தேர்ந்தெடுப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. செலவை யார் ஏற்பது, வீட்டுக்கு வீடு மீட்டர் வைப்பதா வேண்டாமா என்று இழுத்தது. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்று நம்மூரில் சொல்வோமே, அது குழாயில் மட்டுமல்ல, மன்றத்திலும் இருந்தது. 1890-ல்தான் ஒருவழியாகத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

எனக்குத் தாங்காதது கிரெப்பலினின் பட்டியல்தான். ஆற்றுக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு தடுப்பும் இல்லை என்பதற்கு, நகரத்தின் சொந்த விலங்கியலாளர் எழுத்தில் கொடுத்த சான்று அது. விலாங்கு நுழைகிற வழியில் கிருமி நுழையாதா? காலராக் கிருமியை 1884-லேயே கல்கத்தாவில் ஜெர்மன் கிருமியியலாளர் ராபர்ட் கோக் அடையாளம் காட்டியாயிற்று. ஒரு குளத்துத் தண்ணீரிலேயே கண்டுபிடித்தார். இரண்டு தாளையும் சேர்த்துப் படிக்கத்தான் ஆள் இல்லை.

1892 ஆகஸ்ட். வெயில், ஆற்றில் தண்ணீர் குறைவு. காலரா வந்தது. காலரா என்று வாய்விட்டுச் சொல்லவே அதிகாரிகள் நாட்களைக் கடத்தினார்கள். சொன்னால் துறைமுக வியாபாரம் படுத்துவிடும். அந்த இலையுதிர் காலத்துக்குள் சுமார் 17,000 பேர் படுக்கையில் விழுந்தார்கள், 8,600 பேர் இறந்தார்கள். லிண்ட்லியின் அருமையான குழாய்கள் வாசல் வாசலாகக் கிருமியைக் கொண்டுபோய்க் கொடுத்தன. பெர்லினிலிருந்து வந்த கோக், சந்து வீடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஐரோப்பாவில் இருக்கிறேன் என்பதே மறந்துபோகிறது என்றாராம். கல்கத்தா வரை வந்துபோன மனிதரின் வாயில் அந்த ஒப்பீடு எனக்குக் கொஞ்சம் கசக்கிறது.

ஒட்டியே இருந்த ஊர் ஆல்டோனா, பிரஷ்ய ஆட்சியில். அதுவும் எல்பே தண்ணீரைத்தான் குடித்தது, அதுவும் ஆற்றின் கீழ்ப்புறத்தில், ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு! ஆனால் 1859 முதலே பிளாங்கனேசேயில் மணலில் வடித்துக் குடித்தது. அங்கே நோய் கண்டவர்கள் சில நூறு பேர்தான்.

இரண்டு ஊருக்கும் எல்லை ஷுல்டர்பிளாட் என்ற தெரு. பெயருக்குத் தோள்பட்டை எலும்பு என்று அர்த்தம். திமிங்கிலத்தின் தோள் எலும்பைப் பலகையாக மாட்டியிருந்த பழைய சாராயக்கடை ஒன்றால் வந்த பெயராம். அந்தத் தெருவில் ஒரு பக்கம் பிணம் விழுந்தது, எதிர்ப்பக்கம் விழவில்லை. காற்று ஒன்று, மண் ஒன்று, வறுமையும் ஒன்று. குழாய் மட்டும் வேறு. ஹாம்பர்க் எல்லைக்குள் இருந்தும் ஆல்டோனாத் தண்ணீர் வாங்கிய ஒரு குடியிருப்பு தப்பித்தது. கோக்கே திட்டமிட்டுச் சோதனை வைத்திருந்தாலும் இவ்வளவு சுத்தமாக அமைந்திருக்காது.

மணல் எப்படிக் கிருமியைப் பிடிக்கிறது? பெரும்பாலும் மணல் பிடிப்பதில்லை. மேலே படியும் வழவழப்பான பாசிப் படலம் பிடிக்கிறது. ஜெர்மன்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ஷ்முட்ஸ்டெக்கே, அழுக்குப் போர்வை. புது மணலைவிட அழுக்கேறிய மணல்தான் நன்றாக வடிக்கும். மணிக்கு 100 மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீர் இறங்கக் கூடாது என்று கோக் கணக்குச் சொன்னார். அடைத்துக்கொண்டால் மேல் மணலை மெல்லச் சுரண்ட வேண்டும். 1893 தொடக்கத்தில், கடுங்குளிரில் சுரண்டப் போய் மணல் உறைந்து, ஆல்டோனாவிலேயே காலரா எட்டிப் பார்த்தது. சென்னை கீழ்ப்பாக்கத்தில் 1914-ல் தொடங்கிய நீரேற்று நிலையத்திலும் இதே மெதுவான மணல் வடிகட்டிதான். உறைபனி தொல்லை மட்டும் நமக்கில்லை.

ஹாம்பர்க்கின் வடிகட்டி கால்டஹோஃபே தீவில் 1893 மே மாதம் ஓடத் தொடங்கியது. வருடக்கணக்கில் இழுத்த வேலை, பிணங்களுக்குப் பிறகு மாதக்கணக்கில் முடிந்தது.

ஆசிரியரிடமிருந்து இரண்டாவது போன். குளோரின் அடுத்த வாரம். அதற்கும் முன்னால் மியூனிக்கில் ஒரு பெரியவர் பாக்கி இருக்கிறார். மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர், 73 வயது. கிருமி மட்டும் காலராவைக் கொண்டுவராது, மண்ணும் சேர வேண்டும் என்பது அவர் கட்சி. அதே 1892, அக்டோபர் 7. வயிற்று அமிலம் கிருமியைக் கொன்றுவிட்டது என்று நாளை யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று சோடா உப்பைச் சேர்த்துக்கொண்டு, காலராக் கிருமி வளர்த்த திரவத்தை எடுத்து மடக்கென்று குடித்தார்.

(தொடரும்)