மீன்தொட்டிக்கு எல்.இ.டி. வெளிச்சம்

வண்ணமீன் வணிகத்தில் சென்னைக் கொளத்தூரே பெயர்பெற்றதாயினும், மீன்வளப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள நாகப்பட்டினத்திலும் அதனை அடுத்த வேளாங்கண்ணியிலும் மீன்தொட்டி வைத்திருப்போர், டியூப் லைட்டை எல்.இ.டி.யாக மாற்றுவதற்குத் தக்க காரணங்கள் உள்ளன.

டியூப் லைட்டினுள் இருக்கும் பாதரச ஆவி, மின்சாரம் பாயும்போது புறஊதாக் கதிரை வெளியிட, குழாயின் உட்புறத்தில் பூசப்பட்ட பாஸ்பர் என்னும் பொடி அதனைக் கண்ணுக்குப் புலனாகும் ஒளியாக மாற்றுகிறது. அப்பொடி நாளடைவில் வலுவிழப்பதால், விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் நீர்ச்செடிகளுக்குக் கிடைக்கும் ஒளி குறைந்துபோகிறது. எல்.இ.டி. எனப்படும் குறைகடத்திச் சில்லுக்குப் பாதரசமே வேண்டுவதில்லை. வெள்ளை ஒளி தரும் எல்.இ.டி.க்கு வழிவகுத்த நீலநிற எல்.இ.டி.யைக் கண்டறிந்த ஜப்பானில் பிறந்த மூவருக்கு 2014-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நான்கடி நீளமுள்ள 36 வாட் குழாயின் இடத்தில் ஏறத்தாழ 20 வாட் எல்.இ.டி. போதும், மேலும் மூடிய தொட்டியின் நீர் அதிகம் சூடாவதில்லை என்பது, டெல்டாவின் கோடையில் மீன்களுக்குப் பெரும் ஆறுதலாகும்.

ஆயினும் பழைய பட்டியில் எல்.இ.டி. குழாயைப் பொருத்துமுன், சோக்கையும் ஸ்டார்ட்டரையும் என்ன செய்வது என்பதை அக்குழாயின் குறிப்பைப் பார்த்து, மின்சாரத்தைத் துண்டித்து, எலக்ட்ரீஷியனைக் கொண்டு செய்வதே முறை. உப்புக்காற்று வீசும் கடற்கரையூரில் நீர்புகா உறையுள்ள விளக்கே நீடிக்கும். புதிய ஒளி கூடுதலாக இருந்தால் கண்ணாடியில் பச்சைப்பாசி படரும் என்பதால், தொடக்கத்தில் நாளொன்றுக்கு 6 மணி நேரம் மட்டும் எரியவிட்டு, செடியின் வளர்ச்சியைக் கண்டு கூட்டுவது நல்லது. கழற்றிய குழாயை உடைத்துக் குப்பையில் எறியாமல், மின்கழிவு பெறுவோரிடம் முழுதாகவே ஒப்படைக்க வேண்டும்.