கே. ஓ. எசு. (கலைக்குழு)

கே. ஓ. எசு. என்பது ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகரில், தெற்குப் பிராங்சு பகுதி மாணவர்களும் ஓவிய ஆசிரியர் டிம் ரோலின்சும் (1955–2017) 1980களில் உருவாக்கிய கலைக்குழு ஆகும். "பிழைத்திருக்கும் பிள்ளைகள்" என்ற பொருள் தரும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே இப்பெயர்.

வறுமையாலும் தீவிபத்துகளாலும் சிதைந்திருந்த அப்பகுதியின் 52ஆம் எண் நடுநிலைப் பள்ளியில் ரோலின்சு 1981இல் பணியில் சேர்ந்தார். அவரிடம் பயின்றோரில் பலர் கற்றல் குறைபாடு உடையோர் என ஒதுக்கப்பட்டவர்கள். அவர் நூலை உரக்கப் படிக்க, மாணவர்கள் கேட்டுக்கொண்டே வரைந்தனர். பின்னர் அந்நூலின் பக்கங்களையே பிரித்துத் துணியில் வரிசையாக ஒட்டி, அவற்றின் மேல் ஓவியம் தீட்டினர். அச்செழுத்துகள் வண்ணத்தினூடே தெரியும்.

காஃப்காவின் "அமெரிக்கா" புதினப் பக்கங்களின் மீது, விடுதலை பற்றிய தத்தம் எண்ணத்தை ஒவ்வொருவரும் பொன்னிற ஊதுகொம்பாக வரைந்தனர். அவற்றுள் சில இசைக்கருவி போலவே தோன்றா. ஆர்வெலின் "விலங்குப் பண்ணை" வரிசையில் அரசியல் தலைவர்கள் விலங்குடலுடன் காணப்படுகின்றனர். இவ்வரிசையே நேரடியான அரசியல் எள்ளல் எனலாம்.

இக்குழுவின் படைப்புகள் 1988இல் வெனிசு ஈராண்டுக் கண்காட்சியில் இடம்பெற்றன. புகழ் வளர்ந்தபோது, படைப்பு ஆசிரியருடையதா மாணவருடையதா என்ற கேள்வியும் எழுந்தது. குழுவின் பெயருக்கு முன் ரோலின்சின் பெயர் நின்றது இதற்கு ஒரு காரணம். அவர் மறைவுக்குப் பின், முன்னாள் மாணவர்கள் "சுடூடியோ கே. ஓ. எசு." என்ற பெயரில் பணியைத் தொடர்ந்தனர்.