ஒற்றை அறை வீடா? கட்டில் வாங்கும் முன் கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சில வாரங்களில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "லெட்டர் டைப் செய்கிறோம், படம் பார்க்கிறோம், டிக்கெட் புக் செய்கிறோம். வேறு எதற்கு இது வீட்டில் பயன்படும்?" வீட்டுக்கே பயன்படும் என்பதுதான் இந்த மாதப் பதில். அதிலும் உங்கள் வீடு சின்னதாக இருந்தால் ரொம்பவே பயன்படும்.

ஹால், படுக்கையறை, சமையல் மேடை எல்லாம் ஒரே அறைக்குள் அடங்கிய வீட்டைத்தான் ஸ்டுடியோ அபார்ட்மெண்ட் என்கிறார்கள். ஏறக்குறைய இதையே மும்பையில் 1 ஆர்.கே. என்பார்கள். வேலைக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் வரும் இளைஞர்களும், புதிதாகத் திருமணமானவர்களும் இதில்தான் குடியேறுகிறார்கள். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் முதல் வேலையாகக் கட்டில், பீரோ, சோபா என்று ஆர்டர் கொடுத்து விடுகிறார்கள். சாமான்கள் வந்து இறங்கிய பிறகுதான் பால்கனிக் கதவு பாதி மட்டும் திறக்கும், பீரோக் கதவு கட்டிலில் இடிக்கும். பயன்படுத்திய கட்டிலைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக் கொள்ள மாட்டார். அதனோடுதான் காலம் தள்ள வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை ஒதுக்கினால் இதைத் தவிர்க்கலாம்.

நமக்குத் தேவையான சாப்ட்வேரின் பெயர் ஸ்வீட் ஹோம் 3டி. இலவசமானது, ஓப்பன் சோர்ஸ் வகையைச் சேர்ந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். இந்தப் பெயரை இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் டைப் செய்து, டாட் காம் சேர்த்தால் அதன் இணையதளம் வரும். அங்கிருந்தே டவுன்லோட் செய்யுங்கள். தேடுதளத்தில் முதலில் வரும் ஏதோ ஒரு டவுன்லோட் தளத்தில் எடுத்தால், கேட்காத புரோகிராம்கள் நாலைந்து கூடவே வந்து உட்கார்ந்து கொள்ளும்.

முதலில் டேப்பை எடுங்கள்

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் அறையை அளக்க வேண்டும். விளம்பரத்தில் போட்ட சதுர அடியை நம்ப வேண்டாம். சுவரின் கனம், படிக்கட்டு, லிப்ட் எல்லாவற்றையும் சேர்த்த கணக்காக அது இருக்கலாம். 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, அதன் கீழ் பதிவான திட்டங்களில் கார்ப்பெட் ஏரியாவைச் சொல்லித்தான் விற்க வேண்டும். வாடகைக்கு வீடு பார்க்கும்போது அதையெல்லாம் யார் சொல்கிறார்கள்? டேப் சொல்வதே கணக்கு.

நான்கு சுவர்கள், கதவு, ஜன்னல் ஆகியவற்றை அளங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று குறியுங்கள். பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பலர் விட்டுவிடும் அளவு ஒன்று உண்டு. அது வாசல் கதவின் அகலமும், மாடிப்படி திரும்பும் இடத்தின் அகலமும். அறைக்குள் சரியாகப் பொருந்தும் பீரோ, மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக் கொண்டால் என்ன பயன்?

சுவர் போடலாம்

சாப்ட்வேரைத் திறந்ததும் திரை நான்காகப் பிரிந்து தெரியும். இடது மேல் பக்கம் சாமான்களின் பட்டியல். வலது மேல் பக்கம் நாம் படம் வரையும் இடம். அதன் கீழே நீங்கள் வரைவது 3டி-யில் தானாகத் தெரியும். பைல் மெனுவில் பிரிபரன்சஸ் சென்று யூனிட் என்ற இடத்தில் இன்ச்சைத் தேர்வு செய்யுங்கள். சுவரின் கனத்தையும் அங்கேயே மாற்றலாம். நம் ஊர் செங்கல் கட்டடங்களில் வெளிச்சுவர் பெரும்பாலும் 9 இன்ச், உள்சுவர் 4½ இன்ச்.

பிறகு கிரியேட் வால்ஸ் பட்டனைக் கிளிக் செய்து, சுவர் தொடங்கும் இடத்தில் ஒரு கிளிக், முடியும் இடத்தில் ஒரு கிளிக். நீளத்தை டைப் செய்ய விரும்பினால் வரையும்போதே என்டர் தட்டுங்கள். கடைசிச் சுவர் முடிந்ததும் டபுள் கிளிக்.

இங்கே ஒரு நுணுக்கம். இந்த சாப்ட்வேர் சுவரின் நடுக்கோட்டைத்தான் நீளமாக எடுத்துக் கொள்ளும். அறையின் உள்பக்கம் 18 அடி என்றால், 9 இன்ச் சுவருக்கு நீங்கள் 18 அடி 9 இன்ச் என்று கொடுக்க வேண்டும். இதைக் கவனிக்காவிட்டால் அறை முக்கால் அடி சுருங்கி, பின்னால் போடும் கணக்கு முழுவதும் தப்பாகிவிடும். சரிபார்க்க வழி இருக்கிறது. கிரியேட் ரூம்ஸ் பட்டனைத் தேர்ந்தெடுத்து அறைக்குள் டபுள் கிளிக் செய்தால் உள்பரப்பு சதுர அடியில் தோன்றும். 18-க்கு 12 அடி அறைக்கு 216 வர வேண்டும்.

கதவையும் ஜன்னலையும் பட்டியலிலிருந்து இழுத்து வந்து சுவரின் மேல் விட்டால் ஒட்டிக் கொள்ளும். கதவு திறக்கும் வளைவும் படத்தில் தெரியும். கட்டில், மேஜையையும் இதே போல இழுத்து விடலாம். ஆனால் பட்டியலில் உள்ள அளவுகள் நம் ஊர்க் கடை அளவுகள் அல்ல. சாமானின் மேல் டபுள் கிளிக் செய்து, கீப் புரொபோர்ஷன்ஸ் டிக்கை எடுத்துவிட்டு, அகலம், ஆழம், உயரம் மூன்றையும் மாற்றுங்கள். நம் கடைகளில் குயின் சைஸ் மெத்தை பொதுவாக 78-க்கு 60 இன்ச், டபுள் 72-க்கு 48 இன்ச். வழக்கமான ஸ்டீல் பீரோ 78 இன்ச் உயரம், 36 அகலம், 19 ஆழம்.

நாலு இன்ச் கதை

அதே 18-க்கு 12 அடி அறையை எடுத்துக் கொள்வோம். ஒரு கோடியில் வாசல், மறு கோடியில் பால்கனி. குயின் சைஸ் கட்டிலின் தலைமாட்டை நீளச் சுவரில் வைத்து, ஹோட்டல் அறை மாதிரி நடுவில் போடுகிறீர்கள். சட்டத்தோடு சேர்த்து அது 80 இன்ச் எடுக்கும். அகலம் 144 இன்ச், மிச்சம் 64. எதிர்ச்சுவரில் 24 இன்ச் கம்ப்யூட்டர் மேஜை. நாற்காலியை இழுத்து உட்கார 36 இன்ச் வேண்டும். மிச்சம் நாலே நாலு இன்ச்! கம்ப்யூட்டரில் ஒருவர் உட்கார்ந்தால் வீட்டில் வேறு யாரும் பால்கனிக்குத் துணி காயப்போடப் போக முடியாது.

இப்போது 48 இன்ச் டபுள் கட்டிலை நீளவாட்டில் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அது 50 இன்ச் எடுக்கும். மேஜைக்கும் நாற்காலிக்கும் 60 போனால் 34 இன்ச் நடைபாதை மிஞ்சுகிறது. சுவர்ப் பக்கம் படுப்பவர் இறங்கும்போது மற்றவரைத் தாண்ட வேண்டும் என்பது உண்மைதான். பகல் முழுக்க ஒருவரை ஒருவர் இடித்துக் கொள்வதை விட அது பரவாயில்லை. நடக்கும் வழி 2 அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். 30 இன்ச் இருந்தால் நல்லது. பீரோவுக்கு முன்னால், கதவு திறக்க 18 இன்ச்சும் நீங்கள் நிற்க இடமும் வேண்டும். அது இல்லையென்றால் தள்ளுகதவு அலமாரி பாருங்கள். ஆழம் கூடுதல்தான், ஆனால் கதவு வெளியே வராது.

கட்டிலே தேவையா என்றும் யோசிக்கலாம். பத்தமடைப் பாயும் பவானி ஜமக்காளமும் இருந்த வீடுகளில் இரவுப் படுக்கையறை காலையில் சுருட்டி மூலையில் நின்றது. அதே கூடம் சாப்பாட்டு அறையானது. ஹாங்காங்கில் கேரி சாங் என்ற கட்டடக் கலைஞர், சிறுவயதில் பெற்றோரோடும் சகோதரிகளோடும் வசித்த 344 சதுர அடி வீட்டை 2000-களில் மாற்றி அமைத்தார். மேலே பொருத்திய தண்டவாளத்தில் நகரும் சுவர்கள், சுவரிலிருந்து மடங்கி இறங்கும் கட்டில். இப்படி ஒரே அறையை 24 விதமாக மாற்றிக் கொள்கிறார். நமக்கு அவ்வளவு செலவு வேண்டாம். சுவரில் மடக்கும் மேஜை, அடியில் டிராயர் உள்ள கட்டில், பாய் ஆகியவையே அந்த வேலையில் பாதியைச் செய்யும்.

கலரும் வெயிலும்

சுவரின் மேல் டபுள் கிளிக் செய்தால் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகக் கலர் கொடுக்கலாம். நான்கு சுவருக்கும் அடர்ந்த நீலம் கொடுத்துப் பாருங்கள், அறை குகை போலாகும். வெளிர் நிறத்தில் மூன்று, பிடித்த கலரில் ஒன்று என்றால் கண்ணுக்கு இதமாக இருக்கும். இது என் ரசனை, உங்களுடையது வேறாக இருக்கலாம்.

3டி வியூ மெனுவில் விர்ச்சுவல் விசிட் கொடுத்து, கண் உயரத்தை உங்கள் உயரத்துக்கு மாற்றி, அம்புக்குறி கீகளால் அறைக்குள் நடந்து பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது தாராளமாகத் தெரிந்த மூலை, வாசலில் நின்று பார்த்தால் பீரோவின் முதுகாகத் தெரியும். பழைய கம்ப்யூட்டரில் இந்தக் காட்சி கொஞ்சம் தயங்கித்தான் நகரும்.

படத்தில் உள்ள திசைகாட்டியின் மேல் டபுள் கிளிக் செய்து வடக்கைச் சரி செய்யுங்கள். சென்னை என்றால் அட்சரேகை 13.08, தீர்க்கரேகை 80.27, நேரத்துக்கு இந்திய நேரம். பிறகு கிரியேட் போட்டோவில் உயர்ந்த குவாலிட்டியைத் தேர்ந்தெடுத்து, மே மாதம் மாலை 4 மணி என்று கொடுத்தால் வெயில் எங்கே விழுகிறது என்று தெரியும். அந்த இடத்தில் மானிட்டர் வேண்டாம். ஜன்னல் உங்கள் பக்கவாட்டில் இருக்கும்படி மேஜையைத் திருப்புங்கள். அடுப்புப் புகையும் தண்ணீரும் எட்டாத சுவராகவும் இருக்கட்டும்.

மானிட்டரின் முதுகில் 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகு துளைகள் இருந்தால் சுவரில் மாட்டலாம். எச்.டி.எம்.ஐ. போர்ட் இருந்தால் செட்டாப் பாக்ஸையும் அதிலேயே இணைக்கலாம். டிவியும் டிவி ஸ்டாண்டும் மிச்சம். வாடகை வீடு என்றால், துளை போடும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பைலை சேவ் செய்து, பிரிண்ட் ஒன்று எடுங்கள். கடைக்குப் போகும்போது டேப்போடு அதையும் கையில் வைத்திருங்கள். தச்சரிடம் செய்யக் கொடுப்பதாக இருந்தால் அவருக்கு ஒரு பிரதி. கட்டிலின் வெளி அளவு சட்டத்தோடு எவ்வளவு வரும் என்று அவரையே அதில் எழுதித் தரச் சொல்லுங்கள், மெத்தை அளவை அல்ல.