மாமல்லபுரம்: கடல் தெரியும் அறையா, கல்லுக்குப் பக்கத்து அறையா?

2019 அக்டோபர் 11 மாலை சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் பிரதமர் நரேந்திர மோடியும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். அர்ஜுனன் தபசு, வெண்ணெய்ப் பந்து, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் என எல்லாவற்றையும் ஒரே மாலையில் பார்த்து முடித்தார்கள். ஆனால் இரவு இருவருமே அந்த ஊரில் தங்கவில்லை. ஷி ஜின்பிங் கிண்டியில் உள்ள நட்சத்திர ஓட்டலுக்குத் திரும்பினார். மோடி கோவளத்துக் கடற்கரை விடுதிக்குப் போனார். காலியான சாலையில் போய் வர முடிந்தவர்களுக்கு ஐம்பது கிலோமீட்டர் ஒரு தூரமில்லை. சனி, ஞாயிறு விடுமுறையில் வயதான பெற்றோரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பும் குடும்பத்துக்கு அப்படியில்லை. எங்கே அறை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அவர்கள் எதைப் பார்ப்பார்கள், எதை விடுவார்கள் என்பது அமையும்.

முதலில் ஊரின் நடு எது என்று பார்ப்போம். மாமல்லபுரம் என்றதும் கடற்கரைக் கோயில் கண்ணில் நிற்பதால், கடலோரம்தான் நடு என்று பலர் நினைத்து அறை தேடுகிறார்கள். உண்மையில் ஊரின் நடு, 108 திவ்ய தேசங்களில் ஒன்றான தலசயனப் பெருமாள் கோயிலும் அதை ஒட்டிய பஸ் ஸ்டாண்டும்தான். கோயிலுக்குப் பின்னாலேயே அர்ஜுனன் தபசு. அங்கிருந்து எழும் குன்றின் வடக்கே வெண்ணெய்ப் பந்து, தெற்கே கலங்கரை விளக்கமும் மகிஷாசுரமர்த்தினி குகையும். கிழக்கே கடற்கரைச் சாலையில் பத்து நிமிடம் நடந்தால் கடற்கரைக் கோயில். தெற்கே இருபது நிமிட நடையில் ஐந்து ரதம். 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இந்தச் சின்னங்களில் பெரும்பாலானவை அரை மணி நேர நடைக்குள் அடங்கிவிடுகின்றன. சாளுவன்குப்பத்துப் புலிக்குகை மட்டும் வடக்கே சுமார் ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதன் பக்கத்தில்தான் 2005-இல் பழைய முருகன் கோயிலின் செங்கல் அடித்தளத்தைத் தொல்லியல் துறை தோண்டி எடுத்தது.

இணையத்தில் அறை தேடும்போது மாமல்லபுரம் என்ற பெயர் இதைவிட ரொம்பவே பெரிதாக விரிகிறது. பட்டிபுலம், நெம்மேலி, வடநெம்மேலி வரை ஈசிஆர் ஓரத்து ரிசார்ட்டுகள் பலவும் அந்தப் பெயரில்தான் வந்து நிற்கும். படத்தில் நீச்சல் குளமும் தென்னையும் கடலும் தெரியும். பதினைந்து கிலோமீட்டர் தூரம் படத்தில் தெரியாது. அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் வரைபடத்தில் தலசயனப் பெருமாள் கோயிலிலிருந்து விடுதிக்கு நடைவழித் தூரம் என்ன என்று போட்டுப் பாருங்கள். நேர்கோட்டுத் தூரத்தை நம்பக் கூடாது. ஊருக்கு மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய் ஓடுவதால், அந்தப் பக்கத்து விடுதி வரைபடத்தில் கிட்டத்தில் தெரிந்தாலும் பாலம் எங்கே இருக்கிறதோ அங்கே சுற்றித்தான் வர வேண்டும்.

பெரிய ஓட்டல்கள் ஏன் ஊருக்குள் வராமல் வெளியே போயின என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் தொல்பொருள் சின்னங்கள் சட்டத்துக்கு 2010-இல் கொண்டுவந்த திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றுத்தான் கட்டலாம். மாமல்லபுரத்தில் சின்னம் ஓரிடத்தில் இல்லை. குன்று முழுக்க, ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொன்றையும் சுற்றி 300 மீட்டர் வட்டம் போட்டால் ஊரின் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும். கிழக்கே கடல் பக்கம் 1991 முதல் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் இருக்கின்றன. இந்த இரண்டு கெடுபிடிகளுக்கும் நடுவே மிச்சமிருக்கும் தெருக்களில் பழைய லாட்ஜுகளும், வீட்டை ஒட்டிக் கட்டிய சின்ன விருந்தினர் இல்லங்களும்தான் நிற்கின்றன. லிஃப்ட் இருக்காது, அறை சிறிதாக இருக்கும், கார் நிறுத்த இடம் கிடைப்பது கடினம். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. பல்லவர் காலத்துக் கல்லுக்குப் பின்னால் பத்து மாடிக் கட்டடம் எழும்பாமல் காத்தது இந்தச் சட்டம்தான் என்பதால் அந்தச் சிரமத்தை மனதாரப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

நடுவூரில் தங்குவதால் என்ன கிடைக்கிறது? காலை நேரம் கிடைக்கிறது. கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் காலை ஆறு மணிக்குத் திறந்து மாலை ஆறு மணிக்கு மூடும். அன்றைக்கு இரண்டுக்கும் ஒரே டிக்கெட். சென்னையிலிருந்து வரும் சுற்றுலா வேன்களும் பள்ளிப் பேருந்துகளும் பெரும்பாலும் ஒன்பது, பத்து மணிக்கு மேல்தான் வந்து சேரும். அதற்கு முந்தைய நேரம் இரவு தங்கியவர்களுக்கே உரியது. அர்ஜுனன் தபசு கிழக்குப் பார்த்த பாறை. இளவெயில் நேராக விழும்போது, உச்சி வெயிலில் தட்டையாகத் தெரியும் உருவங்கள் ஒவ்வொன்றாகப் புடைத்து எழுகின்றன. யானைகளுக்கு அருகே, தபசியைப் போலப் பின்னங்காலில் நின்று கைகளைத் தூக்கியிருக்கும் பூனையையும், அதைச் சுற்றி நம்பி நிற்கும் எலிகளையும் அந்த வெளிச்சத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். இன்னொரு பக்கம் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்ளும் மான் ஒன்று இருக்கிறது. கூட்டம் நெரியும் பதினோரு மணிக்கு இவற்றைத் தேடி நிற்க யாருக்கும் பொறுமை இருக்காது.

நண்பகல் இன்னொரு கணக்கு. ஐந்து ரத வளாகத்தில் நிழல் குறைவு. கருங்கல்லும் மணலும் சேர்ந்து கொதிக்கும். பதினொன்றரை மணிக்கு அறைக்குத் திரும்பி, சாப்பிட்டுப் படுத்து எழுந்து, நான்கு மணிக்குத் திரும்பவும் கிளம்ப முடிந்தால் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அந்த நாள் சுகமாகப் போகும். விடுதி எட்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அது நடக்காது; போக வர ஆட்டோவுக்குக் கொடுத்தே கை சலித்துவிடும், பாதிப் பேர் மாலை வெளியே வர மறுத்துவிடுவார்கள்.

வந்து பார்த்துவிட்டு அன்றே திரும்புகிறவர்களின் கூட்டம் உலகம் முழுக்கச் சிற்றூர்களைத் திணறடிக்கிறது. வெனிஸ் நகரம் 2024 ஏப்ரலிலிருந்து குறிப்பிட்ட நாட்களில் பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ வசூலிக்கத் தொடங்கியது; இரவு தங்குகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை. தங்குகிறவர் உள்ளூரில் சாப்பிடுகிறார், உள்ளூரில் வாங்குகிறார், கூட்டத்தையும் நேரம் பிரித்துக் குறைக்கிறார். மாமல்லபுரத்துக்கும் இது பொருந்தும்.

நடுவூர் என்றாலும் தெருவுக்குத் தெரு குணம் மாறும். கிழக்கு ராஜ வீதியிலிருந்து கடலை நோக்கிப் போகும் ஒத்தவாடைத் தெரு, வெளிநாட்டுப் பயணிகளும் அலைச்சறுக்கு இளைஞர்களும் நிறைந்த தெரு. மாடி உணவகங்களில் இரவு நெடுநேரம் பாட்டு கேட்கும். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய அறைகளில் விடியும் முன்பே ஹாரன் சத்தம். ஐந்து ரதத்துக்குப் போகும் சாலையில் சிற்பக் கூடங்கள் வரிசையாக இருக்கின்றன. 1957-இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியால் வளர்ந்து, 2017-இல் புவிசார் குறியீடும் பெற்ற தொழில் அது. கேட்கக் கேட்க அலுக்காத உளிச் சத்தத்தோடு இப்போது கல் அறுக்கும் இயந்திரத்தின் இரைச்சலும் தூசியும் சேர்ந்திருக்கின்றன. அங்கே தங்கினால் சாலைப் பக்க அறை வேண்டாம், பின்பக்கத்து அறை கேளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் வேறு தெரு பார்ப்பது நல்லது.

நேரக் கணக்கையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ரிசார்ட்டுகளில் பொதுவாக மதியம் இரண்டு மணிக்கு செக்-இன், மறுநாள் காலை பதினொரு மணிக்கு செக்-அவுட். ஒரு நாள் வாடகைக்கு 21 மணி நேரம்தான் கிடைக்கிறது. சின்ன லாட்ஜுகளில் இன்னும் 24 மணி நேர முறை உண்டு. காலை எட்டு மணிக்குப் போனால் மறுநாள் எட்டு வரை அறை உங்களுடையது. ஒரே இரவு தங்குகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் கடல் காட்சியைவிடப் பெரியது. போனில் கேட்கும்போது வாடகையோடு இதையும் கேளுங்கள்.

எல்லாருக்கும் நடுவூர்தான் சரி என்று சொல்ல மாட்டேன். குளத்தில் குதித்து, சாப்பிட்டு, தூங்கி எழ மட்டும் வருகிறவர்களுக்கு ஈசிஆர் ரிசார்ட்டே பொருத்தம். மாநாட்டுக்கு வருகிறவர்களுக்கு மாநாட்டு மண்டபம்தான் நடு. 2022-இல் ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் பூஞ்சேரியில் உள்ள ஓட்டலில் நடந்தபோது, ஈசிஆரிலும் ஓஎம்ஆரிலும் பல ஓட்டல்களில் வீரர்களைத் தங்கவைத்துப் பேருந்துகளில் அழைத்து வந்தார்கள். கடலில் குளிப்பதற்காகக் கடலோர அறை எடுப்பவர்கள் மட்டும் ஒருமுறை யோசிக்க வேண்டும். இந்தக் கரையில் அலையும் அடி இழுப்பும் வலுவானவை, உயிர்கள் போயிருக்கின்றன. காணும் பொங்கல் அன்று கடலில் இறங்கவே போலீஸ் விடுவதில்லை.

காணும் பொங்கலிலும் டிசம்பர் கடைசியில் தொடங்கும் நாட்டிய விழா நாட்களிலும் முன்பதிவு இல்லாமல் போக வேண்டாம். மாசி மகமும் அப்படித்தான். அன்று தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து இருளர் மக்கள் வந்து கடற்கரை மணலில் கூடுகிறார்கள். கம்பு நட்டு, புடவைகளைச் சுற்றிச் சுவராக்கி, குடும்பம் குடும்பமாகத் தங்கி, கன்னியம்மனை வழிபட்டு, விடியலில் கல்யாணங்கள் நடத்துகிறார்கள். அந்த நாளில் அந்த மணல் அவர்களுடையது. பார்க்கப் போகிறவர்கள் தள்ளி நின்று பார்ப்பதும், கேட்காமல் படம் எடுக்காமலிருப்பதும் மரியாதை.

மாமல்லபுரத்துக்கு ரயில் இல்லை. பக்கத்தில் உள்ள பெரிய ரயில் நிலையம் சுமார் 30 கிலோமீட்டர் மேற்கே செங்கல்பட்டு சந்திப்பு. அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் ஒரு மணி நேரம் ஆகும். தென் மாவட்டங்களிலிருந்து வருகிறவர்கள் சென்னை வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை, செங்கல்பட்டிலேயே இறங்கிக்கொள்ளலாம். ஈசிஆரில் புதுச்சேரி போகும் பேருந்துகள் பல ஊருக்குள் வராமல் புறவழிச்சாலையிலேயே இறக்கிவிடும். பெட்டியோடு அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

இரண்டு இரவு இருந்து வேடந்தாங்கல், காஞ்சிபுரம், திருக்கழுக்குன்றம் என்று சுற்ற நினைப்பவர்களுக்கு நடு என்பது செங்கல்பட்டே. ரயில் நிலையத்தையும் பஸ் ஸ்டாண்டையும் ஒட்டி லாட்ஜுகள் இருக்கின்றன, வாடகையும் கடற்கரை ஊரைவிடக் குறைவு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வேடந்தாங்கலில் பறவைகள் நிறைந்திருக்கும். ஜிஎஸ்டி சாலையில் படாளம் கூட்டுரோட்டில் திரும்பினால் போய்விடலாம். திருக்கழுக்குன்றத்து மலைக்கோயிலுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள், நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே ஏறிவிட வேண்டும். அங்கிருந்து மாமல்லபுரம் பதினைந்து கிலோமீட்டர்தான். மலையிறங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பேருந்து ஏறினால், வெயில் தாழும் நேரத்துக்கு ஐந்து ரதத்தில் இருக்கலாம்.