புதர் நீக்கத்தில் வெள்ளாடு

பெங்களூருக்குத் தெற்கே உள்ள ஆனேக்கல் வட்டத்தில் தரிசு நிலங்களும் ஏரிக்கரைகளும் தைலமரத் தோப்புகளும் பலவிடங்களில் புதர் மண்டிக் கிடக்கின்றன. ஆட்களைக் கொண்டு புதரை வெட்டுவது செலவு மிகுந்தது. களைக்கொல்லி தெளிப்பின், அண்டையிலுள்ள மல்பெரித் தோட்டங்களுக்குக் கேடு நேரலாம். இந்நிலையில் வெள்ளாட்டைக் கொண்டு புதரை அகற்ற இயலுமா என்னும் வினா எழுகின்றது. இயலும். ஆயினும், அவ்விடத்தில் வளர்ந்துள்ள செடி இன்னதென்று முதலில் அறிதல் இன்றியமையாதது.

வெள்ளாட்டின் இயல்பு

செம்மறியாடும் பசுவும் பெரும்பாலும் புல்லை மேய்வன. வெள்ளாடோ தழையையும் இளங்கொம்பையும் விரும்புவது. எளிதில் அசையும் மேலுதடு, முட்களுக்கிடையே உள்ள இலையைப் பறிக்க உதவுகின்றது. பின்னங்கால்களை ஊன்றி நின்று ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரம் வரை வெள்ளாடு எட்டிக் கடிக்கும். 25 கிலோ எடையுள்ள ஆடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 கிலோ பசுந்தழை உண்ணும்.

இலையை இழந்த செடி, வேரில் சேமித்துள்ள உணவைக் கொண்டு மீண்டும் தளிர்க்கின்றது. தளிர்த்த உடனே மறுபடியும் மேயவிட்டால் அச்சேமிப்புக் குறைந்து, செடி நாளடைவில் நலிந்துபோகும். ஒருமுறை மேய்த்து விட்டுவிடுவதால் பயனில்லை. ஆடுகளைச் சிறு பரப்பில் வேலியிட்டு அடைத்து, அப்பரப்பு முடிந்ததும் அடுத்ததற்கு மாற்றுவதே முறை. அமெரிக்காவில் சிகாகோ நகரின் ஓஹேர் விமான நிலையத்தில், இயந்திரம் செல்லவியலாத சரிவுகளைத் துப்புரவாக்க 2013-ஆம் ஆண்டில் ஆடுகளும் பிற கால்நடைகளும் ஈடுபடுத்தப்பட்டன.

உண்ணிச்செடியின் நஞ்சு

ஆனேக்கல் பகுதியில் மிகுதியாகக் காணப்படும் புதர், லண்டானா எனப்படும் உண்ணிச்செடி. அழகுச்செடியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இதன் இலையில் கல்லீரலைத் தாக்கும் நச்சுப்பொருள்கள் உள்ளன. திறந்தவெளியில் வேறு தீனி கிடைக்கும்போது ஆடு இதனைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். வேலிக்குள் அடைபட்டுப் பசித்த ஆட்டுக்கோ ஒதுக்குவதற்கு வழியில்லை. எனவே, ஏனைய புதர்களுக்கு ஏற்ற முறையே இங்குக் கேடாக முடிகின்றது.

நஞ்சுண்ட ஆடு அசைபோடாது, தீனி எடுக்காது, கண்ணும் ஈறும் மஞ்சளாகும், வெயில் படும் மூக்கும் காதும் வீங்கித் தோல் வெடிக்கும். அத்தகைய ஆட்டை உடனே நிழலில் கட்டிக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். ஆட்டுக்குரியவர் பெரும்பாலும் சிறு விவசாயியோ நிலமற்ற தொழிலாளியோ ஆவார். ஆடே அவருடைய சேமிப்பு. அதனைப் பணயம் வைத்து நிலத்தைத் திருத்துவது முறையன்று. உண்ணிச்செடியை ஆட்களைக் கொண்டு வேரோடு அகற்றிய பின்னரே ஆடுகளை விடுதல் வேண்டும்.

சீமைக்கருவேல் உள்ள இடத்திலும் கவனம் தேவை. அதன் நெற்றை ஆடு விரும்பி உண்ணும். விதைகள் செரிக்காமல் புழுக்கையோடு வெளிப்பட்டுப் புதிய இடங்களில் முளைக்கும். நெற்று விழும் காலத்தில் அங்கு மேய்க்கலாகாது.

கவனிக்க வேண்டியவை

பார்த்தீனியத்தை ஒடுக்குவதற்காக 1983-இல் மெக்சிகோவிலிருந்து பெங்களூருக்கு ஒருவகை வண்டு வரவழைக்கப்பட்டது. அவ்வண்டு தனக்குரிய செடியைத் தானே நாடிச் செல்லும். வெள்ளாடோ களையையும் உண்ணும், கன்றையும் உண்ணும். ஆதலின் மேய்ப்பவரின் கண்காணிப்பு எப்போதும் வேண்டும். மல்பெரியும் மாங்கன்றுகளும் உள்ள பக்கத்தில் வேலி உறுதியாக இருத்தல் வேண்டும். அரளி போன்ற நச்சுச்செடிகளை முன்னரே நீக்குதல் வேண்டும். அருகிலுள்ள பன்னேருகட்டா தேசியப் பூங்காவினுள் கால்நடை மேய்த்தல் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கூடாது.

களப்பணியாளர்கள் ஆடுகளை விடுமுன் நிலத்தைச் சுற்றிப் பார்த்து, அங்குள்ள செடிகளின் பட்டியலைத் தயாரித்தல் நலம். உண்ணிச்செடி, அரளி, சீமைக்கருவேல் ஆகிய மூன்றையும் கண்டவுடன் இனங்காண ஆசிரியர்கள் மாணவர்களுக்குக் கற்பிக்கலாம். ஆடு மேய்க்கும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இவ்வறிவு உடனே பயன்படும்.